விங் சுன்: ஒரு கை தூரத்தில் நடக்கும் சண்டை

புரூஸ் லீயைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய குரு இப் மான் என்பதும் 2008ல் டோனி யென் நடித்த படம் வந்த பிறகு பலருக்கும் தெரிந்துவிட்டது. (ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு 'ஐ.பி. மேன்' என்று படிப்பவர்களும் உண்டு!) அந்தப் படத்தில் அவர் ஒரே நேரத்தில் பத்துப் பேரை அடித்து வீழ்த்துகிறார். ஆனால் நிஜ இப் மான் விட்டுச்சென்ற படம் வேறு மாதிரியானது. 1972 டிசம்பர் 2ஆம் தேதி ஹாங்காங்கில் அவர் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு சாதாரண 8 மி.மீ. கேமராவில் அது எடுக்கப்பட்டது. புற்றுநோயால் மெலிந்துபோன 79 வயது மனிதர் நின்ற இடத்திலேயே நின்று கைகளை மெதுவாக நீட்டி மடக்குகிறார். எதிரே ஆள் இல்லை. விங் சுன் பயில்பவர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? அதற்கு இந்தக் கலை எப்படிக் கற்றுத்தரப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் பிறப்புக் கதை. ஷாவோலின் மடம் எரிக்கப்பட்டபோது தப்பிய இங் மூய் என்ற பெண் துறவி, யிம் விங் சுன் என்ற இளம் பெண்ணுக்கு இதைக் கற்றுத்தந்தாராம். அவளும் தன்னை வலுக்கட்டாயமாக மணக்க வந்த முரடனை அடித்துத் துரத்தினாளாம். கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அக்காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியில் சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகப் போய்க் கூத்து நடத்திய நாடகக் குழுக்களோடும் இதைத் தொடர்புபடுத்துவார்கள். வரலாறு என்று ஓரளவு உறுதியாகப் பேச முடிவது 19ஆம் நூற்றாண்டில், ஃபோஷான் நகரில் மூலிகை வைத்தியம் பார்த்த லியுங் ஜான் காலத்திலிருந்துதான். அவருடைய சீடர் நாணயம் மாற்றும் தொழில் செய்த சான் வா சுன். அவரிடம் சிறுவனாகச் சேர்ந்தவர்தான் 1893ல் பிறந்த இப் மான்.

இனி பயிற்சிக்கு வருவோம். பாய்ந்து சுழன்று உதைக்கும் குங்ஃபூவை எதிர்பார்த்துப் போகிறவருக்கு விங் சுன் ஏமாற்றமாக இருக்கும். இது எதிராளியின் மூச்சுக்காற்று மேலே படும் தூரத்தில் நடக்கும் சண்டை. உதைகள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான். நெற்றியிலிருந்து தொப்புள் வழியாக உடம்பின் நடுவே ஒரு கோடு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தன் நடுக்கோட்டைக் காத்துக்கொண்டு எதிராளியின் நடுக்கோட்டை நேர்வழியில் அடைவதுதான் அடிப்படை. அதனால் முழங்கை வெளியே விரியக் கூடாது. தடுப்பது, பிறகு அடிப்பது என்று இரண்டு வேலையாகச் செய்யாமல், ஒரே வேளையில் ஒரு கை தடுக்க மறு கை அடிக்கும்.

இதற்கான முதல் பாடம் சியூ நிம் தாவ், அதாவது 'சிறு எண்ணம்'. முழங்காலையும் கால்விரல்களையும் உள்நோக்கித் திருப்பி நின்றால் பாடம் முடியும்வரை கால் நகராது. கை மட்டும் வேலை செய்யும். அதிலும் முதல் பகுதியை ஆமை வேகத்தில் செய்ய வேண்டும். சண்டை கற்கலாம் என்று வந்த இளைஞனுக்கு இது எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும்! ஆனால் முழங்கை தானாக நடுக்கோட்டுக்கு வந்து நிற்கும் பழக்கம் இங்கேதான் உண்டாகிறது. உடம்பைத் திருப்புவதும் அடியெடுத்து வைப்பதும் அடுத்த பாடமான சம் கியூவில் வருகின்றன.

இதற்கெல்லாம் உயிர் கொடுப்பது சி சாவ் எனப்படும் 'ஒட்டும் கைகள்' பயிற்சி. இருவர் முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். எதிராளியின் கை அழுத்தினால் அந்த விசையை வாங்கித் திசை மாற்ற வேண்டும், விலகினால் கூடவே போக வேண்டும், தடை நீங்கிய கணத்தில் நேராக உள்ளே பாய வேண்டும். இத்தனை நெருக்கத்தில் கண் பார்த்து மூளை முடிவெடுப்பதற்குள் அடி விழுந்துவிடும். அதனால் தொடு உணர்வைப் பழக்குகிறார்கள். மற்றவர்கள் இதை ஏதோ கைவிளையாட்டு என்று கேலி செய்வதுண்டு. இதுவே சண்டை இல்லை என்பது உண்மைதான். ஆனால் இது இல்லாத விங் சுன் வெறும் கையசைப்பு.

வசதியான குடும்பத்தில் பிறந்த இப் மான் கம்யூனிஸ்டுகள் வென்ற 1949ஐ ஒட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹாங்காங் வந்தார். அதுவரை பள்ளி வைத்து நடத்தாதவர், பிழைப்புக்காக 1950ல் கௌலூனில் உணவக ஊழியர் சங்கத்தில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். அகதிகளால் நிரம்பிய ஊரில் இடம் ஏது? தரையில் குழிதோண்டி நட்டுவந்த மூன்று கையும் ஒரு காலும் கொண்ட மரப்பொம்மை, இங்கே இரண்டு குறுக்குச் சட்டங்களில் மாட்டப்பட்டு மாடி வீட்டுக்குள் வந்தது. சட்டம் சற்றே வளைந்து கொடுப்பதால் அடித்த விசை திரும்பக் கைக்கு வரும் என்பது கூடுதல் லாபம். பஞ்சபூதம் போன்ற பழைய தத்துவச் சொற்களைக் குறைத்துக்கொண்டு நேரடியாக விளக்கினார். வோங் சுன் லியுங் போன்ற சீடர்கள் மொட்டை மாடிகளில் பிற பள்ளிக்காரர்களோடு மோதிப் பாடத்தைச் சோதித்தார்கள். 1959ல் அமெரிக்கா போவதற்கு முன் புரூஸ் லீ பயின்றது இந்தச் சூழலில்தான். அவர் பெரும்பாலும் கற்றது வோங்கிடம்.

இப் மான் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லித்தரவில்லை. ஆளுக்கும் உடல்வாகுக்கும் ஏற்ப மாற்றினார். விளைவு, அவர் போன பிறகு சீடர்களுக்குள் எது அசல் என்று ஓயாத தகராறு. பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதிலேயே நாலைந்து விதம்! தகராறு வரும்போதெல்லாம் சாட்சிக்கு வருவது அந்த 8 மி.மீ. படம். முழங்கை எங்கே நிற்கிறது, மணிக்கட்டு எப்போது திரும்புகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கையைத் தொட்டால் எவ்வளவு அழுத்தம் இருந்தது என்பதை அவரோடு கை ஒட்டி உருட்டியவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களில் வோங் சுன் லியுங் 1997ல் இறந்துவிட்டார், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள்.