உறைக்கு அடியில் தெரியும் வயது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதி இன்று கார்களின் ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயும் ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசானும் உற்பத்தியைத் தொடங்கின. அவ்வகைக் கார்களின் இருக்கைக்குரிய நுரைமெத்தை, அச்சுக்குள் ஊற்றிய திரவம் பொங்கி இறுகுவதால் உருவாகும் பாலியூரித்தேன் ஆகும். அதன் வேதியியலை ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் கண்டறிந்தார் என்பதால், அந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட பழைய நாற்காலி ஒன்றின் உறைக்குள் இந்த நுரை இருந்தால், அந்த மெத்தை பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இப்பகுதிக்குக் கிழக்கே உள்ள சோழமண்டலக் கரையில், 1613இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய நூற்றாண்டின் பிற்பாதியில், ஐரோப்பியருக்காகக் கருங்காலி நாற்காலிகள் செய்யப்பட்டன. முறுக்குக் கடைசல் கால்களும், சட்டமெங்கும் நெருங்கிச் செதுக்கிய பூங்கொடிகளும், திண்டு வைத்து அமர்வதற்கான தாழ்ந்த பிரம்புப் பின்னல் இருக்கையும் அவற்றின் அடையாளங்கள். கப்பலேறி இங்கிலாந்து போன அவற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்று நம்பித் தம் ஸ்ட்ராபெர்ரி ஹில் மாளிகைக்காகத் தேடி வாங்கினார். அவருக்குப் பின்னும் நெடுங்காலம் அந்த நம்பிக்கை நீடித்ததால், தமிழ், தெலுங்குக் கரைகளின் தச்சர் கைத்திறன் வேறொரு நாட்டின் கணக்கில் எழுதப்பட்டது. இது வருத்தத்துக்குரிய இழப்பு.

தோற்றத்தை மட்டும் நம்பினால் நேரும் இப்பிழையைத் தவிர்க்க, வல்லுநர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கின்றனர். பிரம்பு இழைகள் நுழைந்த சிறு துளைகள் இருக்கைச் சட்டத்தில் வரிசையாக இருந்து, அவற்றின் மேல் துணி அறையப்பட்டிருந்தால், மெத்தை பிற்பாடு வந்தது என்று பொருள். ஆணித் துளைகள் எத்தனை அடுக்காக விழுந்திருக்கின்றன என்பது எத்தனை முறை உறை மாறியது என்பதற்குச் சான்றாகும். சுருள் கம்பி, அதாவது ஸ்பிரிங், மெத்தை நாற்காலிகளில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஸ்டேப்ளர் கம்பியோ இருபதாம் நூற்றாண்டினது. இந்தியாவில் உள்நிரப்பாகத் தேங்காய் நாரும் இலவம் பஞ்சும் பயன்பட்டன. அவற்றைக் குப்பை என்று வீசிவிடுவதே பழுதுபார்ப்பில் நடக்கும் பெருந்தவறு, ஏனெனில் வயதைச் சொல்லும் பொருள்கள் அவையே.

சீரமைப்பில், புதிய உறையைத் தனியான மெல்லிய சட்டத்தில் கட்டி இருக்கையின்மேல் பொருத்தினால், பழைய மரத்தில் ஒரு புதிய ஆணிகூட ஏறாது. ஆடும் மூட்டுகளில், கழுந்து என்னும் முனை பொளிவாய் என்னும் குழியில் இறங்கும் இடத்தில், விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரம் பூசுவதே நல்லது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகுவதால் மூட்டைச் சேதமின்றி மறுபடி கழற்றலாம், கடையில் விற்கும் வெள்ளைப் பசையோ பிரிக்கும்போது மரநாரையும் பிய்த்துக்கொண்டு வரும்.