சோதனைக்குழாய்க் குழந்தை

திருமணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் குழந்தை இல்லையென்றால், பழியைப் பெண்மீது சுமத்துவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். மருத்துவ வரலாறு கூறுவதோ வேறு.

1966-இல் தேக்காவுக்கு அருகிலுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. அன்று அது உலகச் சாதனை. பிறப்பைக் குறைப்பதே அரசின் அன்றைய கவலை.

1978 ஜூலை 25-இல், எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ இருவரின் முயற்சியால் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். தாயின் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ஆகவே முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைத்தனர். பின்னர் குழந்தை வளர்ந்தது தாயின் வயிற்றில்தான், குழாயில் அன்று.

புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துகொண்டிருந்த 1983-இல், அதே கண்டாங் கெர்பாவில் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம்.

எல்லா முயற்சியும் பலிப்பதில்லை என்பதை நாம் மறக்கலாகாது. குறை கணவனிடமும் இருக்கலாம். இருவருமே சோதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின்மை பாவமுமன்று, தலைவிதியுமன்று. மருத்துவர் ஆராயத்தக்க உடற்குறையே. ‘மலடி’ என்ற சொல்லை நம் வீடுகளிலிருந்து விலக்குவோம்.