பல கைகள் வரைந்த படம்

நிலப்படம் என்றதும் அரசாங்கமும் அதன் அதிகாரிகளுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும், எந்த நிலப்படமும் தனியொருவர் கைவேலை அன்று. பலர் கூடி உழைத்தே அஃது உருவாகிறது. அவ்வுழைப்பாளரின் பெயர் எங்கே பதிவாயிற்று என்பதை ஈண்டு நோக்குவோம்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்குத் தொடங்கிய அளவை, முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை சென்றது. கொடி பிடித்தோரும் கருவி சுமந்தோருமாக எண்ணற்றோர் உழைத்தனர். ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசேன் நுண்ணிய அளவைக் கருவிகளைச் செப்பனிட்டார். வங்காளத்து ராதாநாத் சிக்தார் தலைமைக் கணக்கராக இருந்து சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டார். எனினும், மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865-இல் சூட்டப்பட்டது, முன்னாள் தலைமை அளவையாளரான எவரெஸ்டின் பெயரே.

நம் காலத்தில் இம்முறை மாறியது. எவரும் விலையின்றிப் பெற்று, ஆராய்ந்து, திருத்திக்கொள்ளத்தக்க திறந்த மூல மென்பொருள்கள் தோன்றின. 2001-இல் போஸ்ட்ஜிஸ் என்னும் தரவுத்தளக் கருவியும், 2002-இல் படம் வரையும் கியூஜிஸும் பிறந்தன. 2004-இல் இங்கிலாந்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது நிலப்படம் தொடங்கியது.

பலர் ஒரே படத்தில் எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே கோப்பை இருவர் ஒருசேரத் திருத்தினால், பின்னர்ச் சேமிப்பவரின் வேலை முன்னவரின் வேலையை அழித்துவிடும். ஆகவே, படத்தைத் தனிக்கோப்பாக வையாமல், பொதுக்கணினி ஒன்றில் தரவுத்தளமாக வைக்கின்றனர். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு பதிப்பெண் உண்டு. நாம் மூன்றாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருக்கையில் வேறொருவர் நான்காம் பதிப்பை ஏற்றிவிட்டால், நம் திருத்தத்தை அக்கணினி ஏற்பதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்யுமாறு பணிக்கிறது. யார், எப்பொழுது, எதை மாற்றினார் என்பதும் அதில் பதிவாகிறது. பிழை நேரின் பழைய நிலையை மீட்கவும் இயலும்.

இதன் பயன் இடுக்கண் வந்தபோது விளங்கிற்று. 2010 ஜனவரி 12-இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் நிகழ்ந்தபின், பல நாட்டுத் தொண்டர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அந்நாட்டுத் தலைநகரின் தெருக்களைச் சில நாட்களிலேயே வரைந்தனர். மீட்புப் பணியாளருக்கு அப்படம் வழிகாட்டியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தெந்தத் தெருக்களில் நீர் நிற்கிறது என்பதை மக்களே இப்பொதுப் படத்தின்மீது குறித்தனர். 2021 பிப்ரவரி 15-இல் இந்திய அரசும், சில வரையறைகளுக்கு உட்பட்டு, இந்தியர் நிலப்படத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி வேண்டா என நெறிமுறை வகுத்தது.

மாதுங்காவிலோ கரோல் பாகிலோ வாழும் நாம், நம் தெருவின் வளைவையும், மழைநீர் தேங்கும் பள்ளத்தையும், மருந்துக்கடை இருக்கும் சந்தையும் அறிவோம். பொதுப் படத்தில் ஓரிடத்தின் பெயரை அவ்வூர் மொழியோடு தமிழிலும் பதியலாம். நாளை நம் ஊரிலிருந்து புதிதாக வந்திறங்குவோர் வழி தேடுகையில் அப்படம் துணைநிற்கும். அதனை நிறைவுசெய்வது, நாம் வாழும் நகருக்கு நாம் ஆற்றும் கடமையாகும்.