‘பி’ பிரிவில் ஏறிய பெயர்கள்

1878-ல் பிரிட்டனில் பல் மருத்துவர்களுக்கென்று ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. அதில் முதலில் ஏறிய பெயர் ஜான் டோம்ஸ். அதுவரை அங்கே யார் வேண்டுமானாலும் பல் பிடுங்கலாம். நாவிதர் பிடுங்கினார், கொல்லர் பிடுங்கினார், மருந்துக்கடைக்காரர் பிடுங்கினார். பதிவேடு வந்த பிறகும் அவர்கள் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பதிவேட்டைத் திறந்த சட்டம் காப்பாற்றியது பட்டப்பெயரை மட்டுமே. பதிவில்லாதவர் தன்னை ‘டென்டிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ‘இங்கே பல் கட்டப்படும்’ என்று பலகை மாட்டியவரை அதனால் தொட முடியவில்லை.

முறையாகப் படித்து உள்ளே வர நினைத்த பெண்ணுக்கு மட்டும் கதவு சாத்தியே இருந்தது. லிலியன் முர்ரே 1892-ல் லண்டனில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போனார். கட்டடத்துக்குள் காலடி வைக்கவே விடாமல், தெருவோர நடைபாதையில் நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார் முதல்வர். லிலியன் எடின்பரோவுக்குப் போய்ப் படித்து, 1895-ல் பட்டம் பெற்ற பிறகே பிரிட்டனின் பதிவேட்டில் அங்கேயே படித்துத் தேறிய ஒரு பெண்ணின் பெயர் ஏறியது. எந்தப் பயிற்சியும் இல்லாதவர் கடை விரித்திருந்த அதே ஊரில் நடந்தது இது. இன்று படித்தாலும் கோபம் வருகிறது.

1921-ல் சட்டம் திருந்தியது. பதிவு இல்லாதவர் பல் வைத்தியமே செய்யக் கூடாது என்றானது. அப்படியானால் இத்தனை காலம் அதை நம்பியே பிழைத்தவர்கள் எங்கே போவார்கள்? முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் இதுவே பிழைப்பாக இருந்தவர்கள் விண்ணப்பித்தால் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி விட்டார்கள். பதிவேட்டின் வரலாற்றிலேயே நான் மிகவும் மதிப்பது இந்த ஏற்பாட்டைத்தான். வருங்காலத்தைக் காக்க வந்த சட்டம், உழைத்துக்கொண்டிருந்தவரின் சோற்றில் கை வைக்கவில்லை.

இந்தியாவுக்கு இந்த யோசனை வந்து சேர்ந்ததில் ரஃபியுதீன் அகமதுவுக்குப் பெரும் பங்கு உண்டு. கிழக்கு வங்கத்தில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தவர். கல்கத்தாவுக்குத் திரும்பி ‘நியூயார்க் சோடா ஃபவுன்டன்’ என்ற ஐஸ்கிரீம் கடையை நடத்தினார். அதில் வந்த பணத்தைப் போட்டு, 1920-ல் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த பாத்திமா ஜின்னா 1923-ல் பம்பாயில் தனியாக கிளினிக் திறந்தார். யார் பல் வைத்தியம் செய்யலாம் என்பதற்குச் சட்டம் வேண்டும் என்று அகமது விடாமல் வாதாடினார். 1939-ல் வங்கம் சட்டம் இயற்றியது. 1948-ல் சுதந்திர இந்தியா நாடு முழுமைக்கும் பல் மருத்துவர் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்தச் சட்டம் கேட்ட பதிவேட்டில் இரண்டு பிரிவுகள். ‘ஏ’ பிரிவு பட்டம் பெற்றவர்களுக்கு. ‘பி’ பிரிவு, பட்டம் இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இதையே முக்கியப் பிழைப்பாகச் செய்துவந்தவர்களுக்கு. லண்டனிலிருந்து வந்த அதே ஐந்தாண்டுக் கணக்கு! முதல் பதிவேடு தயாரானதும் இந்த வழி மூடப்பட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்காகவும், பின்னர் பர்மா, இலங்கை, உகாண்டாவிலிருந்து திரும்பிவந்த இந்திய வம்சாவளியினருக்காகவும் திருத்தங்கள் மூலம் அதைச் சிறிது திறந்தார்கள். அகதியாக வந்தவரிடம் கைத்தொழில் ஒன்றுதான் மிச்சம் இருக்கும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ‘பி’ பிரிவில் ஏறிய பெயர் வாரிசுச் சொத்தாகாது. அப்பாவிடம் தொழில் பழகிய மகன் கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சென்னைக்காரர்கள் ‘சீன பல் டாக்டர்’ என்று சொல்லும் ஹூபெய் மாகாணக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது இந்த வேலை. அவர்களின் பிள்ளைகள் பி.டி.எஸ். படித்து அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். சட்டம் விரும்பிய மாற்றம் அதுதான்.

1948 சட்டத்தின் 49-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பல் பிடுங்குவது மட்டுமல்லாமல் க்ளீனிங் செய்வது, பாலிஷ் போடுவது, பல் செட் செய்வது, பழுது பார்ப்பது எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும் என்றது. பதிவு பெற்ற பொது மருத்துவருக்கும், அரசு மருத்துவமனை வேலைக்கும் விலக்கு தந்தது. இன்னொரு விலக்கும் இருந்தது: அவசரம், பக்கத்தில் பல் மருத்துவர் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் பல்லைப் பிடுங்கலாம், மரத்துப்போகும் ஊசி மட்டும் போடக் கூடாது. இரவெல்லாம் வலியில் துடிப்பவரின் நிலைமை சட்டத்துக்குப் புரிந்திருக்கிறது. ஊசியின் ஆபத்தும் புரிந்திருக்கிறது. ஒவ்வாமையோ இதயக் கோளாறோ உள்ளவருக்கு ஊசி போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவர் கையில் அதைக் கொடுக்க முடியாது.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் தண்டனையில் மட்டும் கோட்டை விட்டார்கள். பதிவில்லாமல் தொழில் செய்து முதல் முறை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய் என்று வைத்தார்கள். 1948-ல் அது பெரிய தொகை. இன்று ஒரு பல் செட்டின் விலைக்கே காணாது. போலிகள் துணிந்து உட்கார்ந்திருக்க இதுவும் ஒரு காரணம். பக்கத்துப் பல்லோடு சேர்த்து அக்ரிலிக்கை ஒட்டி ‘பல் கட்டிவிட்டேன்’ என்று அனுப்புகிறார்கள். அடியில் ஈறு அழுகி, நன்றாக இருந்த பல்லும் ஆடத் தொடங்குகிறது. மேல்தாடைச் செட் விழாமலிருக்க ரப்பர் உறிஞ்சுவட்டு வைத்து, அண்ணத்தில் ஓட்டையே விழுந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. முறையாகக் கிருமிநீக்கம் செய்யாத கருவி வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் அபாயம் வேறு.

2023-ல் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பட்டதாரிகளுக்கு இறுதித் தகுதித் தேர்வு, தேசிய அளவில் பதிவேடு என்று அது பேசுகிறது. நல்லதுதான். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் பல் வலிக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டு நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டிய நிலை இருக்கும்வரை, மலிவாகப் பிடுங்கிவிடும் ஆளைத்தான் தேடிப் போவார். ஒவ்வொரு வட்டார அரசு மருத்துவமனையிலும் பல் மருத்துவரும் வேலை செய்யும் நாற்காலியும் இருக்க வேண்டும் என்று அரசிடம் கேட்போம். நீங்களும் அடுத்த முறை புதிய இடத்தில் வாயைத் திறக்கும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.