கஞ்சாவும் கண்ணொளியும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை இன்று கடலோரமெங்கும் கப்பல்துறைகளும் சரக்குக் கிடங்குகளும் ஆலைகளுமாகக் காட்சி தருகின்றன. சென்னைக்குத் துறைமுகமே இல்லாதிருந்த காலம் ஒன்றும் உண்டு. இங்கே அலைதடுப்புச் சுவர் எழுப்ப அடிக்கல் நாட்டப்பெற்றது 1875இல்தான். அதற்கு முன்னர் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மனிதரும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில் ஏறி, சீறும் அலைகளைக் கடந்தே அவற்றை அடைய வேண்டும். அப்படி அலை கடந்து சென்றவருள் ஆயிரக்கணக்கானோர், கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏழை எளியவர்கள்.

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை நேர்ந்தது. அதை ஈடுசெய்ய இந்தியாவில் ஆள் திரட்டப்பெற்றது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமைக்காவுக்கு முதற் கப்பல் 1845இல் கல்கத்தாவிலிருந்து சென்றது. அதனைத் தொடர்ந்து சென்னையிலிருந்தும் கூலிகள் அனுப்பப்பட்டனர். இவ்விந்தியத் தொழிலாளர் தம்முடன் கொண்டு சென்றவற்றுள் கஞ்சாவும் ஒன்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அதற்கு ஒரு சான்று அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. ஜமைக்கா மக்கள் அச்செடியை ‘கஞ்சா’ என்றே அழைக்கின்றனர். 1913இல் அதனைத் தடை செய்த அந்நாட்டுச் சட்டத்திலும் நம் நாட்டுச் சொல்லே இடம்பெற்றது.

நம் கரையோரத்திற்கும் கண் மருத்துவ வரலாற்றுக்கும் இதனால் ஏற்பட்ட தொடர்பு வியப்புக்குரியது. கஞ்சாவை ஊறவைத்த சாராயத்தைப் பயன்படுத்தும் ஜமைக்கா மீனவர்களுக்கு இரவுக் கடலில் பார்வை தெளிவாக இருக்கிறதாம் என்றொரு பேச்சு அத்தீவில் வழங்கிற்று. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருந்தியல் அறிஞர் மேன்லி வெஸ்ட் அப்பேச்சைப் புறந்தள்ளவில்லை. கண் மருத்துவர் ஆல்பர்ட் லாக்ஹார்ட்டுடன் சேர்ந்து ஆராய்ந்தார். கஞ்சாச் செடியிலிருந்து ‘கனாசால்’ என்னும் சொட்டு மருந்தை அவ்விருவரும் உருவாக்கினர். கண்ணழுத்த நோய்க்குரிய மருந்தாக 1987இல் ஜமைக்காவில் அது அனுமதி பெற்றது.

‘கஞ்சா கண்ணைக் காக்கும்’ என்று இக்காலத்தில் பரவிவரும் பேச்சுக்கு இப்படியொரு வேர் உண்டு. அப்பேச்சில் உண்மை எவ்வளவு, குறை எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது நம் கடமை. ஏனெனில் இங்கே தராசுத் தட்டில் இருப்பது மனிதரின் பார்வை.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். நம் கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. சுரப்பும் வடிப்பும் சமமாக இருக்கும்வரை கண்ணின் உள்ளழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக நசுக்கும். இதனையே கண்ணழுத்த நோய் என்றும், ஆங்கில மருத்துவ வழக்கில் கிளாக்கோமா என்றும் கூறுகின்றனர். சிலருக்கு அளவான அழுத்தத்திலும் நரம்பு பழுதாவதுண்டு. இந்நோயின் பெரும்பான்மை வகையில் வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை முதலில் குறையும். நேர்ப் பார்வை இறுதிவரை நிற்கும். ஆகையால் நோயாளி தம் இழப்பை அறியார். அறியும்போது நரம்பின் பெரும்பகுதி பட்டுப்போயிருக்கும். பட்டுப்போன நரம்பைத் தழைக்கச் செய்யும் மருந்து உலகில் இதுவரை இல்லை. எஞ்சியதைக் காப்பது ஒன்றே வைத்தியம்.

கஞ்சாச் செடி பண்டைய மருத்துவர்க்குப் புதிதன்று. மலாகாவில் பிறந்து டமாஸ்கஸில் மறைந்த மாபெரும் மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் (1197–1248) ‘இந்தியச் சணல்’ எனும் வகையைக் குறிப்பிட்டு, எகிப்தின் தோட்டங்களில் அது பயிராவதையும், உண்டவரை அது மயக்குவதையும் எழுதி வைத்தார். கண் மருத்துவத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு பக்தாதில் ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்னும் புகழ்பெற்ற நூலை யாத்த அலீ இப்னு ஈஸா, அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முற்பட்டவர். நம் நாட்டிலோ, 1839இல் கல்கத்தாவில் மருத்துவர் ஓஷாக்னஸி கஞ்சாவை வாதநோய்க்கும் இசிவு நோய்க்கும் கொடுத்துப் பார்த்து, தம் முடிவுகளை மருத்துவச் சங்கத்தில் படித்தார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி பரப்பியவரும் இவரே. அவர் முயற்சியின் பயனாகக் கஞ்சா மேனாட்டு மருந்தகங்களில் இடம்பிடித்தது. பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து 1932இல்தான் அது நீங்கிற்று. எனினும் ஓஷாக்னஸி ஆராய்ந்த நோய்களின் வரிசையில் கண்ணழுத்தம் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அளவுகோலுடன் கூடிய முதற் சான்று 1971இல் கிடைத்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் ஹெப்ளர், ஃபிராங்க் எனும் இரு மருத்துவர்கள், கஞ்சா புகைத்தவர்களின் கண்ணழுத்தம் குறைவதை அளந்து வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. புகைத்தவருள் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு அழுத்தம் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை குறைந்தது. ஆக, மக்கள் பேச்சு முழுப் பொய்யன்று.

அதே நாட்டில் ராபர்ட் ராண்டல் என்பவரின் வழக்கு உலகப் புகழ் பெற்றது. இளம் வயதிலேயே கடுமையான கண்ணழுத்த நோய்க்கு ஆளான அவருக்கு அன்றிருந்த மருந்துகள் போதிய பயன் தரவில்லை. வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்தார் என்று 1975இல் வாஷிங்டனில் கைதானார். பார்வையைக் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தால் செய்தேன் என்று வாதிட்டார். 1976இல் நீதிமன்றம் அதனை ஏற்று அவரை விடுவித்தது. அரசாங்கமே தன் பண்ணையில் விளைந்த கஞ்சாவை அவருக்கு வழங்கும் ஏற்பாடும் நேர்ந்தது. பார்வையை முற்றும் இழவாமலே 2001இல் அவர் காலமானார்.

இவ்வளவும் மெய்யாயின், மருத்துவர்கள் ஏன் கஞ்சாவை எழுதிக் கொடுப்பதில்லை?

விடை ஒரு சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது. கஞ்சாவால் குறையும் அழுத்தம் மூன்று நான்கு மணி நேரமே குறைந்து நிற்கும்; பின்னர் பழைய நிலைக்கே ஏறிவிடும். கண்ணழுத்த நோயோ நாளின் 24 மணி நேரமும், ஆயுளின் எஞ்சிய நாளெல்லாமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய நோய். எனவே ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முறை, நள்ளிரவிலும் எழுந்து, அதனை உட்கொள்ள வேண்டும். அப்படி உட்கொள்பவர் தெளிந்த அறிவுடன் இருக்கும் நேரம் எது? துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவரும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கொள்கலன் லாரி ஓட்டுபவரும், ஆலையில் சுழலும் எந்திரத்தின் அருகே நிற்பவரும் அந்நிலையில் வேலை செய்ய முடியுமா? கண்ணைக் காக்கப் போய்க் கையையும் உயிரையும் இழப்பதாக முடியும்.

மற்றொரு கேடும் உண்டு. கஞ்சா கண்ணின் அழுத்தத்தோடு உடலின் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தக்கூடும். ஏற்கெனவே நலிந்த பார்வை நரம்புக்குச் செல்லும் இரத்தம் அதனால் குறையலாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போன்றது இது. மயக்கம் தராதது என்று சொல்லி விற்கப்படும் ‘சி.பி.டி.’ என்னும் கஞ்சாக் கூறோ, 2018இல் இந்தியானா பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் நடத்திய ஆய்வில் கண்ணழுத்தத்தைக் கூட்டியதாகவே தெரியவந்தது. கனாசால் மருந்தும் தன் தீவுக்கு வெளியே உலக மருத்துவத்தில் நிலையான இடத்தைப் பெறவில்லை. இவற்றையெல்லாம் எண்ணியே அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் கண்ணழுத்த நோய்க்குக் கஞ்சாவைப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்துள்ளது.

மூலிகை என்பதால் மருத்துவ உலகம் அதை ஒதுக்கிற்று என்று எண்ணுவதும் பொருந்தாது. பிரேசில் நாட்டு ஜபொராண்டி இலையிலிருந்து எடுத்த பைலோகார்பைன் 1870களிலேயே கண்ணழுத்தத்திற்குரிய சொட்டு மருந்தாகி, ஒரு நூற்றாண்டு காலம் கோலோச்சியது. இலையின் பயன் அளக்கப்பட்டது, சத்து பிரிக்கப்பட்டது, கண்ணில் இடத்தக்க வடிவம் கிடைத்தது. ஆகவே அது மருந்தாயிற்று. கஞ்சாவின் மயக்கும் சத்தோ நீரில் எளிதில் கரையாதது; அதனைப் பயனுள்ள சொட்டு மருந்தாக்க நடந்த முயற்சிகள் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை.

இத்துறையில் நம் நகரமும் உலகுக்கு அளித்த கொடை ஒன்று உண்டு. எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை, 1819இல் ராயப்பேட்டையில் சென்னைக் கண் மருத்துவ நிலையமாகத் தொடங்கப்பெற்றது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று போற்றப்படுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழி ஓரத்தில் சிறு வட்டத் துளையிட்டு, தேங்கிய நீரை மேற்சவ்வின் அடியில் வடியவிடும் அறுவை முறையை 1909இல் வெளியிட்டார். மேனாட்டு மருத்துவர்கள் அம்முறையை ஏற்றுப் பல்லாண்டுகள் கையாண்டனர். பின்னர் 1968இல் கெயின்ஸ் என்பார் திருத்தமான முறையை வகுத்தார். ‘புது வடிகால் அமைத்து அழுத்தத்தைக் குறைத்தல்’ என்ற கருத்து இரண்டிலும் ஒன்றே.

அதே எலியட் மற்றொரு பாடத்தையும் விட்டுச் சென்றார். ஊர் ஊராகத் திரிந்த கண் வைத்தியர்கள் புரை விழுந்த வில்லையை ஊசியால் உள்ளே தள்ளிவிடுவர். உடனே ஒளி தெரியும். நோயாளி மகிழ்ந்து கூலி கொடுப்பார். வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நாட்கள் செல்லக் கண்ணழுத்தமும் அழற்சியும் தோன்றிப் பல கண்கள் அவிந்துபோயின. அப்படிக் கெட்ட கண்களை ஆராய்ந்து எலியட் தனி நூலே எழுதினார். உடனடிப் பயன் ஒன்றை மட்டும் கண்டு மருந்தின் தகுதியை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மார்க்கச் சட்டம் பற்றிய கேள்வியும் நம் குடும்பங்களில் எழுவது இயல்பே. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் ஸர்கஷீ (மறைவு ஹிஜ்ரி 794) ஹஷீஷின் விலக்கை நிறுவுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். விலக்கப்பட்ட பொருளை மருந்தாகக் கொள்ளலாமா என்ற வினாவை ஃபிக்ஹு அறிஞர்கள் ‘ளரூரத்’ என்னும் நிர்ப்பந்த நிலையோடு இணைத்து ஆராய்ந்தனர். ஆகுமாக்கப்பட்ட வேறு மருந்து உண்டா, தகுதியுள்ள மருத்துவர் சொல்கிறாரா என்பனவே அங்கு முதலில் கேட்கப்படும். வியப்பு என்னவென்றால், அமெரிக்க நீதிமன்றத்தில் ராண்டல் எடுத்துரைத்ததும் நிர்ப்பந்தம் என்ற அதே வாதமே. 1976இல் ‘வேறு வழி இல்லை’ என்று அவர் சொன்னதற்குப் பொருள் இருந்தது. 1978இல் டிமோலால் என்னும் சொட்டு மருந்து அந்நாட்டில் அனுமதி பெற்றது. 1996இல் இரவில் ஒரே சொட்டு இட்டால் மறுநாள்வரை அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்கும் லாடனோப்ராஸ்ட் வந்தது. லேசர் சிகிச்சையும் அறுவையும் வளர்ந்துள்ளன. வேறு வழி பிறந்துவிட்டபின் நிர்ப்பந்தம் எங்கே நிற்கும்?

நாட்டுச் சட்டமும் தெளிவானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம். மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் அரசின் அனுமதி பெற்றே அதைக் கையாளலாம். தெருமுனையில் பொட்டலம் வாங்கியவர் ‘கண்ணுக்காக’ என்று சொல்வதால் வழக்கு நீங்காது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியதும், இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்ததும் உண்மையே. அது ஆய்வுக்குத் திறந்த கதவே அன்றி, புகைப்பதற்குக் கொடுத்த உரிமையன்று.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரிலும், எண்ணூரை அடுத்த திருவள்ளூர் மாவட்டத்தையும் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் சேர்ந்த சிற்றூர்களிலும் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் பெரியதோர் ஆய்வு நடத்தினர். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், வலியின்றி வளரும் திறந்தகோண வகைக் கண்ணழுத்த நோய் சிற்றூர்களில் நூற்றுக்கு 1.62 பேரிடமும், நகரில் 3.51 பேரிடமும் காணப்பட்டது. அவர்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். நம் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான் குவிய வேண்டும். கஞ்சா நல்லதா கெட்டதா என்று திண்ணையில் வழக்காடும் வேளையில், வழக்காடுபவரின் பார்வையே ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டிருக்கலாம்.

ஆதலால் செய்யத்தக்கவை சில. நாற்பது வயதைக் கடந்தோர் கண்ணாடிக்கடைச் சோதனையோடு நில்லாது, கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருப்பின் இன்னும் முன்னதாகவே செல்ல வேண்டும். தூசியும் புகையும் மிகுந்த ஆலைப் பகுதியில் கண் உறுத்தும்போதெல்லாம் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். தொடர்ந்து இட்டால் அதுவே கண்ணழுத்தத்தை உண்டாக்கும். திடீரெனக் கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் கண்டு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மருந்து எழுதப்பெற்றவர், ‘கண் நன்றாகத்தானே தெரிகிறது’ என்று அதனை இடையில் நிறுத்தலாகாது.

ஜமைக்கா மீனவரின் பேச்சை அறிஞர் இகழவில்லை, அப்படியே நம்பவும் இல்லை, அளந்து பார்த்தனர். அந்த நேர்மையே நமக்கும் வழிகாட்டி. பிறர் சொல்லைக் கேட்டு மருந்தை மாற்றுவதற்கு முன், நம் வீட்டுப் பெரியோரின் கண்ணழுத்தம் எவ்வளவு என்று அளந்து தெரிந்துகொள்வோம். எழும்பூர் அதிக தூரத்தில் இல்லை.