இரவைத் தாங்கும் வெள்ளைத் துகள்

பெரியவர்களுக்கான டயபர் ஒன்றைக் கத்தரிக்கோலால் நெடுக வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சைச் செய்தித்தாளின் மேல் உதறிப் பாருங்கள். பஞ்சோடு சேர்ந்து வெள்ளைத் துகள்களும் உதிரும். பார்வைக்குப் பொடி உப்புதான். அதில் அரைத் தேக்கரண்டி எடுத்து டம்ளரில் போட்டு, முக்கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினால் சற்று நேரத்தில் தண்ணீர் இருந்த இடத்தில் கெட்டியான கூழ் நிற்கும். அதன் மேல் நிஜ உப்பைத் தூவிக் கிளறினால், கூழ் தளர்ந்து, பிடித்து வைத்த தண்ணீரைக் கக்கிவிடும்.

சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற இந்தத் துகளின் வலிமை, பலவீனம் இரண்டும் அந்த டம்ளரிலேயே தெரிந்துவிடுகின்றன. நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட வலை அது. வலைக்குள் இருக்கும் சோடியம் வெளியிலிருக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கிறது, முடிச்சுகள் வலை கரைந்துபோகாமல் காக்கின்றன. சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு குடிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது ஏறக்குறைய முப்பது மடங்காகக் குறைந்துவிடும். அதுவே போதும். பத்துப் பதினைந்து கிராம் துகள் ஒரு பெரியவரின் இரவைத் தாங்கிவிடும்.

இதன் முன்னோடி பிறந்தது விவசாயத்துக்காக. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில் அந்நாட்டு வேளாண் துறையின் ஆய்வகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்ட அதே இடம். அங்கேதான் சோள மாவுச்சத்தோடு செயற்கைப் பாலிமரை ஒட்டவைத்து, மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று பெயர். வயலுக்கென்று செய்ததை உடம்புக்குக் கொண்டுவந்த பெருமை ஜப்பானுடையது. கியோட்டோவின் சான்யோ கெமிக்கல் நிறுவனம் 1978-இல் இவ்வகைத் துகளை வணிகமாகத் தயாரிக்கத் தொடங்க, முதலில் சானிட்டரி நாப்கினிலும் பின்பு குழந்தைகளின் டயபரிலும் அது நுழைந்தது. மாவுச்சத்து விலகி, கச்சா எண்ணெயிலிருந்து வரும் புரோப்பிலீன் மூலப்பொருளானது. துகளைச் சுற்றியிருக்கும் பஞ்சு இன்னொரு திசையிலிருந்து வருவது. அமெரிக்காவின் தென்கிழக்கில், ஜார்ஜியா பக்கத்துப் பைன் மரங்களின் நீண்ட நார் அது.

விண்வெளி வீரர்களுக்கும் டயபர் தேவைப்பட்டது. 1961 மே 5 அன்று விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட், ஏவுதளத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து, வேறு வழியில்லாமல் தன் விண்வெளி உடையிலேயே சிறுநீர் கழித்தார். பதினைந்து நிமிடப் பயணம்தானே என்று யாரும் அதற்கு ஏற்பாடு செய்திருக்கவில்லை. பின்னாளில் நாசாவின் வீரர்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் விண்நடையின்போதும், டயபர் போன்ற உறிஞ்சும் உள்ளாடையை அணிவது வழக்கமாகிவிட்டது. அதை யாரும் அவமானம் என்று நினைக்கவில்லை. பல மணி நேரம் எழுந்து போக முடியாத வேலை, அதற்கு ஏற்ற உடை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் மட்டும் ஏன் அது அவமானமாக இருக்கிறது? என் பெரியம்மாவுக்கு இரவில் மூன்று முறையாவது எழ வேண்டும். வயது ஏற ஏற, இரவில் சிறுநீரைக் குறைத்து வைக்கும் ஹார்மோன் குறைகிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீரும் படுத்தபின் திரும்பி வருகிறது. ஒருமுறை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் நான்கு மணியோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். டாக்டர் சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் பார்த்து, இல்லை என்றார். அன்று இரவு பெரியம்மாவே சொன்னார்: “டேய், எழுந்து விழுந்து உங்களைப் படுத்தறதைவிட, படுத்த இடத்துலயே போயிட்டு நிம்மதியா தூங்கறேன். அந்த டயபரை வாங்கிட்டு வா.”

வாங்கிப் போனேன். கடைக்காரர் கேட்காமலே கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுத்தார்.

போட்டுக்கொண்டு படுத்த பிறகும் அவருக்கு வரவில்லை. படுக்கையில் போகக் கூடாது என்று உடம்பு ஐந்து வயதில் கற்றதை எழுபத்தெட்டில் மறக்கச் சொன்னால் எப்படி மறக்கும்? சில நாட்கள் ஆயின. ஒரு விடியலில் காபி குடித்துக்கொண்டே, “ராத்திரி முழிப்பே வரலைடா” என்றார். தண்ணீரும் மறுபடி குடிக்க ஆரம்பித்தார்.

இங்கே முடிவெடுத்தவர் பெரியம்மா என்பதுதான் எனக்கு முக்கியம். எழுப்பிக் கூட்டிப்போகச் சோம்பல்பட்டு, நடக்கக்கூடிய பெரியவருக்குப் பகலிலும் டயபரைக் கட்டிப் படுக்க வைப்பதும் நடக்கிறது. அது கொடுமை. படுத்தே இருந்தால் கால்கள் வலுவிழக்கும், கழிப்பறைக்குப் போகும் பழக்கமும் போய்விடும். அணியும் பொருள் ஒன்றேயானாலும், யார் தீர்மானித்தார்கள் என்பதில்தான் மனித மரியாதை இருக்கிறது. பெரியம்மா இன்றும் பகலில் தடியூன்றி நடந்துதான் போகிறார்.

அனுபவத்தில் தெரிந்த சிலவற்றையும் சொல்கிறேன். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய சைஸ் வாங்கினால் தொடையோரம் ஒழுகும். கூடுதல் பாதுகாப்புக்கு இரண்டைப் போடுவது வீண். உள்ளே இருப்பதன் பிளாஸ்டிக் முதுகு ஈரத்தை வெளியே விடாது, இரண்டாவது உலர்ந்தே கிடக்கும். சிறுநீர் தோலில் நின்றால் பாக்டீரியா அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றிப் புண்ணாக்கும். துகள் ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைத்தாலும், நிறைந்ததை உடனே கழற்றி, கழுவி, துணியால் ஒற்றி உலர்த்துவது நம் வேலை. கட்டிலில் ரப்பர் ஷீட்டை விரித்தால் மேலே பருத்தித் துணி கட்டாயம். வெறும் ரப்பரில் வேர்த்தே தோல் வெந்துவிடும்.

கழற்றிய பிறகும் துகளின் பயணம் முடிவதில்லை. அது எளிதில் மட்காது, பிளாஸ்டிக் உறையும் மட்காது. நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. சென்னையில் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போகும் குப்பையில் அது சோற்றோடும் காய்கறித் தோலோடும் கலந்து போவதே அதிகம், அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். ஜப்பானில் முதியோர் பெருகி, ஓஜி நிறுவனம் 2024-இல் உள்நாட்டில் குழந்தை டயபர் தயாரிப்பையே நிறுத்திப் பெரியவர்களின் டயபருக்கு மாறியது. அந்நாட்டின் ககோஷிமா மாகாணத்தில், ஷிபுஷி என்ற சிறு நகரில், பயன்படுத்திய டயபர்களைத் தனியாகச் சேகரித்து, யூனிசார்ம் நிறுவனம் பஞ்சைப் பிரித்து ஓசோனால் சுத்திகரித்து மீண்டும் டயபருக்கே பயன்படுத்துகிறது. நம் மாநகராட்சிகள் இப்போதே தொடங்க வேண்டிய வேலை இது. முதல்படியாக, டயபருக்கென்று தெருவுக்கு ஒரு தனித் தொட்டியாவது வைக்கட்டும்.