பற்றலும் விடுதலும்: பழைய காருக்கு ஒரு புதிய கிளச்சு



மோட்டார் வண்டியின் உறுப்புகளுள், நன்றாக இயங்கும் காலத்திலே எவராலும் நினைக்கப்படாததும், பழுதுற்ற நாளிலே எல்லோராலும் பேசப்படுவதும் கிளச்சாகும். விரைவுக்கென்றே அமைந்த பழைய கார்களைப் பேணி ஓட்டுவோர் நம் நாட்டிலே இன்றும் உளர். அத்தகைய காரின் கிளச்சு தேய்ந்துபோன அன்று, உரிமையாளர் கராஜிலே கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இருப்பதற்குள் வலியது எது?" இக்கேள்வி அவரைத் தவறான பொருளை வாங்கச் செய்யும் என்பதையும், வேறு கேள்விகளே முதலிற் கேட்கத் தக்கன என்பதையும் கிளச்சின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

கிளச்சின் தொழில் யாது? எஞ்சின் ஓயாது சுழல்வது. சில்லுகளோ நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டியவை. இவ்விரண்டையும் வேண்டும்போது பிணைத்தும் வேண்டாதபோது பிரித்தும் வைப்பதே அதன் தொழில். பற்றுதல் ஒன்று, விடுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. அது சிறிது நழுவி நழுவி மெல்லப் பற்றுதல். வண்டி துள்ளாமற் புறப்படுவது இதனாலேதான். இந்த மூன்றையும் ஒருங்கே பெறுவதற்கு மனிதர் பட்ட பாடே கிளச்சின் வரலாறு எனலாம்.

1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சில்லு வண்டிக்கு உரிமம் பெற்றபோது, இன்று நாம் அறிந்த கிளச்சு அதில் இருக்கவில்லை. தோற்பட்டியை வெறுமனே சுழலும் கப்பியிலிருந்து வேலை செய்யும் கப்பிக்குத் தள்ளுவதே அவர் கண்ட வழி. பின்னர் வந்த கார்கள் பலவற்றிற் கூம்பு வடிவக் கிளச்சு இடம் பெற்றது. ஒரு கூம்பு மற்றொரு கூம்பினுள் வில்லின் வலியால் அழுந்தும். இடையே தோல் போர்த்தப்பட்டிருக்கும். தோல் காய்ந்தால் கிளச்சு வெடுக்கெனப் பற்றி வண்டியைத் துள்ளச் செய்தது. அதற்கு ஆமணக்கெண்ணெய் தடவினர். எண்ணெய் மிகுந்தால் வழுக்கியது. அதற்குக் களிமண் தூள் தூவினர். ஒரு குறைக்குச் செய்த மருந்தே மறு குறையாக முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பேராசிரியர் ஹீலி ஷா எண்ணெயில் மூழ்கிய பல தட்டுகளைக் கொண்ட கிளச்சை அமைத்தார். அது மென்மையாகப் பற்றியது. ஆயினும் குளிர்நாட்டுக் காலையில் எண்ணெய் தடித்தால் தட்டுகள் எளிதிற் பிரிய மறுத்தன. ஈற்றில் நிலைபெற்றது உலர்ந்த ஒற்றைத் தட்டுக் கிளச்சேயாகும். அமெரிக்காவில் அதனைப் பரப்பியவர்களுள் போர்க் அண்ட் பெக் நிறுவனத்தார் முதன்மையானவர். 1928ஆம் ஆண்டு உருவான போர்க் வார்னர் நிறுவனத்தில் அவர்கள் இணைந்தனர். தட்டை அழுத்துவதற்குப் பல சுருள் விற்களை வைத்த முறை, 1960களில் ஐரோப்பாவிலும் மாறலாயிற்று. சற்றே குழிந்த தட்டைப் போன்ற ஒற்றை வில்லாகிய டயபிரம் வில் அவற்றின் இடத்தைப் பெற்றது. தட்டுத் தேயத் தேயச் சுருள் வில்லின் அழுத்தம் தளரும், டயபிரம் வில் அழுத்தத்தைப் பெரிதும் நிலையாக வைத்திருக்கும், கால்மிதியும் இலகுவாகும்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாயிருந்த களுத்துறைக்கு அண்மைய கட்டுக்குருந்த, பின்னர் கார்ப் பந்தயக் களமாயிற்று. சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதையும் அவ்வாறே பந்தயத் திடலாகியது. போருக்கென இடப்பட்ட பாதைகள் விளையாட்டுக்கு உதவியமை காலத்தின் விந்தையே. அக்காலப் பந்தயங்களிற் புகழ் பெற்ற சிறு கார்களுள் ஒன்றாகிய மினி கூப்பரையே நாம் உதாரணமாகக் கொள்ளலாம்.

1959ஆம் ஆண்டு வெளிவந்த மினியின் எஞ்சின் 848 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 34 குதிரைவலுவும் உடையது. 1961ஆம் ஆண்டின் கூப்பர் 55 குதிரைவலுவையும், 1964ஆம் ஆண்டின் 1275 கன சென்ரிமீற்றர் கூப்பர் எஸ் 76 குதிரைவலுவையும் தந்தன. வலு இருமடங்குக்கு மேலானது. கிளச்சுத் தட்டோ ஏறத்தாழ 7 அங்குல விட்டத்துடனேயே நின்றது. பெரிய தட்டுக்கு அங்கே இடமில்லை. ஆகவே வில்லின் அழுத்தத்தையே கூட்ட வேண்டியதாயிற்று. 1964ஆம் ஆண்டு மினிக்கு டயபிரம் வில் வந்தது. 1982ஆம் ஆண்டு வெர்ட்டோ எனப்படும் வேறோர் அமைப்பு வந்தது. இவற்றின் உறுப்புகளை ஒன்றற்கு ஒன்றாக மாற்றிப் பூட்ட இயலாது. கையிலிருக்கும் கார் எந்த ஆண்டினது என்பதைவிட, அதனுள் இப்போது இருக்கும் எஞ்சினும் பறப்புச் சில்லும் எவ்வகையின என்று அறிவதே முதற் கடமை. அறுபது ஆண்டு வாழ்ந்த காரிலே உறுப்புகள் பலமுறை மாறியிருக்கலாம்.

இரண்டாம் கேள்வி, பழைய கிளச்சு ஏன் கெட்டது என்பது. மினியிலே எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயிலே இயங்குவன. எண்ணெய்ச் சீல் தேய்ந்து கசிந்தால், உலர்ந்திருக்க வேண்டிய தட்டு நனைந்து வழுக்கும். நோய் சீலில் இருக்க, மருந்தைக் கிளச்சுக்கு இடுவதால் என்ன பயன்? எத்துணை வலிய தட்டும் எண்ணெயிலே வழுக்கவே செய்யும். பறப்புச் சில்லின் முகத்திலே வெப்பத்தால் வெடிப்பு உண்டா என்பதையும் அப்போதே பார்த்தல் வேண்டும். தட்டு, அதனை அழுத்தும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் என்னும் மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். மலிவென்று ஒன்றை மட்டும் மாற்றினால், மறுமுறையும் அதே கூலி கொடுக்க நேரும்.

மூன்றாம் கேள்வி, கார் எங்கே ஓடப் போகிறது என்பது. கிளச்சு தாங்கும் விசை நான்கினைப் பொறுத்தது: வில்லின் அழுத்தம், தட்டின் ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராயும் பொருளின் தன்மை. எஞ்சினின் மிக உயர்ந்த முறுக்கு விசையைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வரை தாங்குமாயின் சாலைக் காருக்கு அது போதும். அதற்கு மேல் வில்லை வலிதாக்கினால் மிதி கனக்கும். மிதிக்குந்தோறும் அந்த அழுத்தம் கிராங்க் தண்டின் பக்க வாஷர்களைத் தாக்கி அவற்றைத் தேய்க்கும். மட்பாண்டக் கலவையாலோ உலோகத் தூளாலோ ஆன பந்தயத் தட்டுகள் பெருவெப்பத்தைத் தாங்கும். ஆனால் நழுவி நழுவிப் பற்றும் பண்பு அவற்றிற்குக் குறைவு. வெடுக்கெனப் பற்றும் விசை அச்சுக்கும் கியருக்கும் போய்ச் சேரும். கிளச்சு தப்பும், கியரின் பல் முறியும்.

மகாகஸ்தொட்ட மலையிலே ஓடுபவனுக்குச் சில விநாடி வெற்றியே வேண்டும். அவனுக்கு அத்தட்டு பொருந்தலாம். திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்று வழியாகக் கல்முனை செல்பவனுக்கோ பாதை சமதளம். ஆயினும் சந்தை நெரிசலிலே நூறு முறை மெல்ல நகர வேண்டும். அவனுக்கு உகந்தது நார்க்கலவையாலான சாதாரணத் தட்டும், அவனுடைய எஞ்சினுக்கு அளவான வில்லுமேயாகும்.

நான்காம் கேள்வியோ காரைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. இங்கிலாந்தின் டார்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் புரூட், வண்டிக்காரர் தடைக்கட்டைகளிலே பழைய சப்பாத்துத் தோலை அறைந்து ஓட்டுவதைக் கண்டு, 1897ஆம் ஆண்டு உராய்வுப் பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பெரோடோ என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. 1908ஆம் ஆண்டு அவர் கல்நாரைப் பயன்படுத்தலானார். வெப்பத்தைத் தாங்கும் அப்பொருள் பின்னர்த் தடைகளிலும் கிளச்சுகளிலும் உலகெங்கும் பரவியது. 1924ஆம் ஆண்டு, கல்நார் நூற்ற நெல்லி கேர்ஷா என்னும் பெண் 33 வயதிலே இறந்தார். அவருடைய நுரையீரலிற் படிந்த தூசியை வில்லியம் குக் என்னும் மருத்துவர் அவ்வாண்டே மருத்துவச் சஞ்சிகையில் எழுதி வெளியிட்டார். 1931ஆம் ஆண்டு பிரித்தானியா ஆலைத் தூசிக்கு விதிகள் செய்தது. முழுத் தடையோ 1999ஆம் ஆண்டிலேதான் வந்தது. அறிந்தமைக்கும் தடுத்தமைக்கும் இடையே 75 ஆண்டுகள் கழிந்தன.

இது நமக்கு அயலான செய்தியன்று. 1960களிலும், 1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையிலும், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய உறுப்புகள் அரிதாயின. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறந்தது. பழைய வண்டிகளை நெடுங்காலம் ஓட்டுவது நம்மவருக்குப் பழகிய கலை. பழைய தட்டிலே புதிய லைனிங் வைத்து ரிவெட் அறைவதும், கடையின் மூலையிலே பல்லாண்டு கிடந்த பெட்டியை மகிழ்ந்து வாங்குவதும் அக்கலையின் பகுதிகளே. அப்பெட்டியினுள் இருப்பது கல்நார்த் தட்டாக இருக்கலாம். பெயர் பெற்றது, பழையது, அசல் என்பன அதற்குப் பரிகாரமாகா.

ஆகவே கல்நார் கலவாதது என்று உற்பத்தியாளர் எழுத்திலே குறித்த தட்டையே வாங்குக. பழைய கிளச்சைக் கழற்றும்போது காற்றுக் குழாயால் தூசியை ஊதலாகாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையிலே கட்டி அகற்ற வேண்டும். பழைய லைனிங்கை அரத்தால் தேய்த்தலும் துளையிடுதலும் கூடா. இந்நோய் இருபது, முப்பது ஆண்டு கடந்தும் தலைகாட்டும். கராஜிலே தரையிற் குந்தியிருந்து தொழில் பழகும் பதினெட்டு வயதுப் பிள்ளை, தன் நாற்பத்தைந்தாம் வயதிலே அதற்கு விலை கொடுக்க நேரலாம்.

நேயர்களே, நல்ல கிளச்சு இறுகப் பற்றுவது மட்டுமன்று, தக்க வேளையில் விடுவதுமாகும். காரின் உண்மையான அமைப்பு, பழுதின் காரணம், ஓடும் பாதை, வேலை செய்யும் கையின் நலம் ஆகிய நான்கையும் ஆராய்ந்த பின்னரே "எது வலியது?" என்று கேட்பது பொருந்தும். அந்நான்கிற்கும் விடை கண்டவருக்கு அக்கேள்வி பெரும்பாலும் தேவைப்படாது.